வளரக் கூடாத பிள்ளைகள்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பர்கர் கிங் நிறுவனத்தின் விளம்பரங்களில் ஒரு சிறுவன் வருவான். பெயர் இமானுவல் லூயிஸ். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1971இல் பிறந்தவன். பார்த்தால் ஐந்தாறு வயதுக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏபிசி தொலைக்காட்சியின் உயர் அதிகாரி ஒருவர் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இவனை வைத்து ஒரு தொடர் எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அந்தச் சமயத்தில் அலெக்ஸ் காரஸ், சூசன் கிளார்க் என்ற நிஜக் கணவன் மனைவி இருவரும் நடிக்க, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியைப் பற்றிய தொடர் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் இந்தப் பையனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1983 செப்டம்பரில் தொடர் ஒளிபரப்பானபோது அதன் பெயர் 'வெப்ஸ்டர்'. பையனின் பாத்திரப் பெயர் அது. ஜோடியின் கதை பின்னால் போய்விட்டது.

அப்போது இமானுவலுக்கு 12 வயது. திரையில் அவன் நடித்தது தன்னைவிடப் பல வயது இளைய ஒரு சின்னப் பையனாக.

விளம்பரத்தில் தொடங்கி தொலைக்காட்சித் தொடருக்குப் போன பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்கள் திறமையைப் பேசுகிறார்கள், அதிர்ஷ்டத்தைப் பேசுகிறார்கள். எனக்கு எப்போதும் முதலில் கண்ணில் படுவது இந்த வயதுக் கணக்குதான். பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களைப் பல வருடங்களாக விரும்பிப் பார்த்துவருகிறேன். பிடித்த தொடர் என்றால் அதில் நடித்த பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் படிக்காமல் இருக்க முடிவதில்லை. அப்படிப் படித்ததில், விளம்பரம் ஒரு பிள்ளையை எதற்காகத் தேர்ந்தெடுத்ததோ அதையே தொடரும் வருடக் கணக்கில் அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே இருந்தது என்பது புரிந்தது. அந்தப் பிள்ளை வளரக் கூடாது என்பதுதான் அது.

முதலில், தொலைக்காட்சிக்காரர்கள் விளம்பரப் பிள்ளைகளை ஏன் தேடிப் போனார்கள் என்று பார்க்கலாம். புதுப் பிள்ளை ஒன்றை வைத்துத் தொடர் எடுப்பது பெரிய சூதாட்டம். விளக்கு வெளிச்சத்தில் அழுதுவிடுமா, கேமராவையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்குமா, பத்தாவது டேக்கில் சிணுங்குமா என்று யாருக்கும் தெரியாது. விளம்பரத்தில் நடித்த பிள்ளையிடம் இந்தச் சோதனையெல்லாம் வேறொருவர் செலவில் ஏற்கெனவே முடிந்துவிட்டது. போதாததற்கு, நாடு முழுவதும் அந்த முகம் தெரிந்திருக்கிறது. ஒரு பர்கர் கம்பெனியோ வங்கியோ லட்சக்கணக்கில் பணம் கொட்டிப் பிரபலமாக்கிய முகம், தொடருக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் விளம்பரத்தில் நன்றாகச் செய்த பிள்ளை தொடரிலும் செய்துவிடும் என்று சொல்ல முடியாது. விளம்பரம் என்பது பெரும்பாலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வேலை. ஒரு வரி வசனம், ஒரு சிரிப்பு, ஒரு கடி. உணவு விளம்பரம் என்றால் கடித்ததைத் துப்பப் பக்கத்தில் ஒரு பக்கெட் வைத்திருப்பார்கள். அத்தனை டேக் போகும். கேமராவுக்குப் பின்னால் இருந்து இயக்குநர் சொல்லிக்கொடுக்க, பிள்ளை திருப்பிச் சொல்லும். முப்பது டேக்கில் ஒன்று தேறினால் போதும், மீதியை எடிட்டர் பார்த்துக்கொள்வார்.

1972இல் வந்த லைஃப் சீரியல் என்ற காலை உணவு விளம்பரம் இதற்கு நல்ல உதாரணம். மேசையில் மூன்று சிறுவர்கள். மூத்தவர்கள் இருவரும் சாப்பிடத் தயங்கி, கிண்ணத்தைச் சின்னவன் மைக்கியிடம் தள்ளுவார்கள். அவன் சாப்பிட்டுவிடுவான். மூவரும் நிஜ வாழ்க்கையிலும் அண்ணன் தம்பிகள். மைக்கியாக வந்த ஜான் கில்கிறிஸ்ட் அதில் பேசவே இல்லை. பத்து வருடத்துக்கும் மேலாக ஓடிய அந்த விளம்பரத்தால் அவன் முகம் அமெரிக்காவில் எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. மேலும் பல விளம்பரங்களில் நடித்தான், ஆனால் நடிகராகத் தொடரவில்லை. பெரியவனானதும் ஊடக நிறுவனத்தில் விளம்பர விற்பனைப் பிரிவில் வேலைக்குப் போனார். அந்தப் பையன் இறந்துவிட்டான் என்று ஒரு வதந்தி வருடக் கணக்கில் நாடெங்கும் சுற்றியது. அவர் நன்றாகவே இருந்தார். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை மறந்துவிடுவது விளம்பர உலகில் எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மேசன் ரீஸ் என்ற சிவப்புத் தலைமுடிச் சிறுவன் 1970களில் விளம்பரங்களால் பெரும் புகழ் பெற்றான். அவனை மையமாக வைத்து ஒரு பைலட் எபிசோட், அதாவது தொடருக்கு முன்னோட்டமான முதல் எபிசோட், கூட எடுத்துப் பார்த்தார்கள். தொடராக வரவில்லை. முப்பது நொடி ரசித்த முகத்தை அரை மணி நேரம் பார்க்க வைப்பது வேறு வித்தை.

அந்த வித்தை கைவந்த பிள்ளை என்றால் அது கேரி கோல்மன்தான்.

கேரி 1968 பிப்ரவரியில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தான். தத்தெடுத்து வளர்த்த அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், அம்மா செவிலியர். பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு. ஐந்து வயதில், 1973இல், முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நோயும் அதற்குக் கொடுத்த மருந்துகளும் சேர்ந்து உடல் வளர்ச்சியைத் தடுத்துவிட்டன. கடைசிவரை அவர் உயரம் 4 அடி 8 அங்குலம்தான்.

சிகாகோவில் ஹாரிஸ் வங்கியின் விளம்பரத்தில் நடித்தான். குட்டிப் பையன் ஒருவன், கன்னங்கள் உப்பலாக, பெரிய மனுஷன் மாதிரிப் பேசுகிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அன்று அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் பெரும் தயாரிப்பாளராக இருந்த நார்மன் லியரின் நிறுவனத்தார் கண்ணில் பட்டான். முதலில் ஒரு பழைய நகைச்சுவைப் படவரிசையைப் புதிதாக எடுக்கும் முயற்சியில் சேர்த்தார்கள். அது நடக்கவில்லை. 'குட் டைம்ஸ்', 'த ஜெஃபர்சன்ஸ்' தொடர்களில் ஓரிரு முறை வந்துபோனான். அப்புறம் 1978 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடங்கியது. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த இரண்டு கறுப்பினச் சிறுவர்களை அவர்கள் தாய் இறந்தபிறகு ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர் எடுத்து வளர்க்கும் கதை. கேரிக்கு 10 வயது. அவன் நடித்த ஆர்னால்டுக்கு 8.

பழைய எபிசோடுகளைப் பார்த்தால் அவன் திறமை இன்றைக்கும் அசத்தும். வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவான். பார்வையாளர்கள் சிரித்து ஓயும் வரை காத்திருப்பான். முகத்தை மெல்லத் திருப்புவான். சிரிப்பு இரண்டாவது முறை வெடிக்கும். நாடக மேடையில் இருபது வருடம் அனுபவம் உள்ளவர்களுக்கே வாய்க்காத நிதானம் அது. அந்த மாதிரித் தொடர்கள் எதிரே ஆட்களை உட்காரவைத்துத்தான் படமாக்கப்பட்டன. வாரத் தொடக்கத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை வாசிப்பார்கள், பிறகு ஒத்திகை, பிறகு கேமரா எங்கே நிற்கும் என்ற கணக்கு, வாரக் கடைசியில் பார்வையாளர் முன்னால் படப்பிடிப்பு. நடுவில் சிரிப்பு வராத வரிகளை எழுத்தாளர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை மனப்பாடம் செய்ததை வியாழக்கிழமை மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளை இதை வாரா வாரம் செய்தான். உடம்பில் மாற்றி வைத்த சிறுநீரகத்தோடு செய்தான்.

தொடர் எட்டு சீசன் ஓடி 1986இல் முடிந்தது. நடுவில் 1984இல் இரண்டாவது மாற்று அறுவை சிகிச்சை. இரண்டுமே கடைசியில் கைகொடுக்கவில்லை, டயாலிசிஸ்தான் துணை. தொடர் முடியும்போது கேரிக்கு 18 வயது. கடைசி வருடங்களின் எபிசோடுகளை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. உள்ளே ஒரு இளைஞன் இருக்கிறான், வெளியே எழுதித் தந்திருப்பது சின்னப் பையனின் சேட்டை. சுற்றியிருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. வயது கூடிய, ஆனால் வயது தெரியாத பிள்ளைதான் தயாரிப்பாளருக்கு லாபம். சட்டப்படி கூடுதல் நேரம் வேலை வாங்கலாம், வசனம் படிக்கத் தெரியும், சொன்னால் புரிந்துகொள்ளும். கலிஃபோர்னியாவில் ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் வேலை வாங்கலாம். ஒன்பது வயதைத் தாண்டினால் ஐந்து மணி நேரம். ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தை என்றால் இருபதே நிமிடம். அதனால்தான் குழந்தைப் பாத்திரத்துக்கு இரட்டையர்களைத் தேடுகிறார்கள். 'ஃபுல் ஹவுஸ்' தொடரில் ஒரே குழந்தையாக ஓல்சன் சகோதரிகள் இருவரும் மாறி மாறி நடித்தது இந்தக் கணக்கில்தான்.

கேரியின் விஷயத்தில் வயது தெரியாமல் இருந்ததற்குக் காரணம் நோய். ஒரு நோயின் விளைவைத்தான் விளம்பரம் அழகு என்று கண்டுபிடித்தது, தொடர் அதையே எட்டு வருடம் விற்றது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கூட நடித்த பிள்ளைகளும் நன்றாக இருக்கவில்லை. அக்காவாக நடித்த டேனா பிளாட்டோவும் விளம்பரங்களிலிருந்து வந்தவர்தான். 1999இல், 34 வயதில், போதை மருந்தின் அளவு மீறி இறந்தார். அண்ணனாக நடித்த டாட் பிரிட்ஜஸ் போதையில் சிக்கி, சிறை பார்த்து, மீண்டு வந்தார்.

பணத்துக்கு வருவோம். விளம்பரத்தில் வரும் பணம் ஒரு விதம், தொடரில் வரும் பணம் வேறு விதம். அமெரிக்காவில் நடிகர் சங்க ஒப்பந்தப்படி, ஷூட்டிங் நாளுக்கு ஒரு சம்பளம். பிறகு விளம்பரம் ஓட ஓடப் பணம் வரும். 13 வாரத்துக்கு ஒரு கணக்கு. அந்த ஒப்பந்தம் இருக்கும்வரை போட்டிக் கம்பெனி விளம்பரத்தில் நடிக்க முடியாது. ஒரு நாள் வேலைக்கு மாதக் கணக்கில் செக் வருவதைப் பார்க்கும் குடும்பம் மெல்ல அந்த வருமானத்துக்குப் பழகிவிடுகிறது. தொடர் வந்ததும் தொகை பல மடங்கு பெருகுகிறது. அப்பா வேலையை விடுகிறார், அம்மா மேனேஜர் ஆகிறார், வக்கீலும் ஆலோசகரும் வந்து சேர்கிறார்கள். பிள்ளை ஒரு நாள் எனக்கு வேண்டாம் என்று சொன்னால் இத்தனை பேர் சம்பளமும் நிற்கும். அதை எந்தப் பிள்ளை சொல்லும்?

கேரி தன் பெற்றோர் மீதும் முன்னாள் ஆலோசகர் மீதும் 1989இல் வழக்குப் போட்டார். தன் பெயரில் இருந்த டிரஸ்ட் பணத்தைத் தவறாகக் கையாண்டார்கள் என்பது புகார். 1993இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் டாலர் தரச் சொன்னது. ஆனாலும் 1999இல் திவால் மனு கொடுக்கவேண்டி வந்தது. இடையில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். உழைத்துச் சாப்பிடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் அதை வைத்து அவரைக் கேலி செய்தன. தெருவில் பார்த்தவர்கள், தொடரில் ஆர்னால்டு அடிக்கடி சொல்லும் பிரபலமான ஒற்றை வரியைச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். 2010 மே 28 அன்று யூட்டா மாநிலத்தில் இறந்தார். வயது 42.

இத்தனைக்கும் கலிஃபோர்னியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 1939லேயே வந்தது. சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன் என்ற சிறுவன், வளர்ந்தபிறகு தான் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரில் ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லை என்று கண்டு தாயின் மீது வழக்குப் போட்டதன் விளைவு அந்தச் சட்டம். அவர் பெயராலேயே கூகன் சட்டம் என்பார்கள். ஆனால் அதில் பெரிய ஓட்டை இருந்தது. நீதிமன்றத்தின் ஒப்புதலுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தங்களுக்குத்தான் அது செல்லும். ஒரு நாள் விளம்பரத்துக்கு யார் நீதிமன்றம் போவார்கள்? அந்த ஓட்டையை அடைக்க அறுபது வருடம் ஆனது. சிறுவயதில் தொலைக்காட்சி நடிகராக இருந்த பால் பீட்டர்சன், தன்னைப் போலவே நடித்த ஒருவர் 1990இல் தற்கொலை செய்துகொண்டபிறகு குழந்தை நடிகர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி விடாமல் போராடினார். 2000 ஜனவரி 1 முதல், எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் மொத்த வருமானத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டே ஆகவேண்டும், பிள்ளை சம்பாதித்தது பிள்ளையின் சொத்து என்று சட்டம் மாறியது. 2024இல், பெற்றோர் போடும் இணைய வீடியோக்களில் வந்து பணம் ஈட்டித்தரும் குழந்தைகளுக்கும் இந்தப் பாதுகாப்பை விரிவாக்கினார்கள்.

நல்லபடியாகத் தாண்டி வந்தவர்களும் உண்டு. ஜோடி ஃபாஸ்டர் மூன்று வயதில் கோப்பர்டோன் என்ற சன்ஸ்கிரீன் விளம்பரத்தில் தொடங்கியவர். அண்ணனின் ஆடிஷனுக்குக் கூடப் போன இடத்தில் தேர்வானார். 1968இல் தொலைக்காட்சித் தொடரில் நடித்தார், பிறகு சினிமா. சம்பாத்தியம் குடும்பத்துக்கே ஆதாரமாக இருந்தும், பிரெஞ்சு வழிப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறி, யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். இமானுவல் லூயிஸும் 'வெப்ஸ்டர்' முடிந்தபிறகு கல்லூரிக்குப் போய் 1997இல் நாடகக் கலையில் பட்டம் பெற்றார். இவர்களுக்கு நடிப்பைத் தவிர இன்னொரு நாள் இருந்தது, இன்னொரு வகுப்பறை இருந்தது. அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தப்பித்தவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் பள்ளிக்கூடம் வந்துகொண்டே இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் சித்தி மகள். சென்னையில் இருக்கிறாள். அவளுடைய பெண்ணுக்கு எட்டு வயது. போன தீபாவளிக்கு ஒரு துணிக்கடை விளம்பரத்தில் பாவாடை சட்டையோடு மத்தாப்பு கொளுத்திச் சிரித்தாள். ஒரே நாள் ஷூட்டிங். குழந்தைக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். இப்போது அதைப் பார்த்துவிட்டு சீரியல் கோ-ஆர்டினேட்டர் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்.

"ஃபிளாஷ்பேக்ல வர்ற சின்ன வயசு ஹீரோயின் இல்லக்கா. ஹீரோயினோட பொண்ணு. கதை முழுக்க வருவா. ஆளு சின்னதா இருக்கறதால ஆறு வயசுப் பொண்ணா காட்டிக்கலாம்னு சொன்னாங்க."

ஆறு வயசு என்று அவள் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நம்ம ஊர் சீரியல் அமெரிக்கத் தொடர் மாதிரி வாரம் ஒரு எபிசோட் இல்லை. தினமும் ஒளிபரப்பு. வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுத்த பங்களாவில் காலையில் ஆரம்பித்தால் இரவு வரை போகும். வசனத்தைப் பெரும்பாலும் ஸ்பாட்டிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். குழந்தை நடிக்கும் நேரம் கொஞ்சம், மேக்கப்போடு காத்திருக்கும் நேரம் அதிகம். கதையிலோ அழுகை ஜாஸ்தி. ஒரு மத்தாப்புச் சிரிப்புக்காகத் தேர்ந்தெடுத்த பிள்ளையைக் கடத்திக்கொண்டு போவார்கள், அம்மாவைப் பிரிப்பார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். நடிப்புதான், சரி. ஆனால் எட்டு வயதில் அழுகையை வரவழைத்துக்கொள்வது பொழுதுபோக்கு இல்லை, வேலை.

நம் நாட்டிலும் விதிகள் இருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். சில விலக்குகளும் உண்டு. விளம்பரம், சினிமா, தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கும் குழந்தைகளுக்கு நிபந்தனையோடு விலக்கு. நிபந்தனைகள் 2017இன் விதிகளில் தெளிவாக இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்கவேண்டும். பள்ளிப் படிப்பு விட்டுப்போகாமல் ஏற்பாடு வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போகவேண்டும். கலிஃபோர்னியாவின் 15ஐவிட இது அதிகம். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. எழுதியவர்களுக்கு நான் மனசார நன்றி சொல்வேன். ஆனால் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். கேட்கவேண்டிய பெற்றோரில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. என் சித்தி மகளுக்கும் தெரியவில்லை.

அவளிடம் நடிக்க விடாதே என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே நடிக்கப் பிடித்திருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று பாட்டியைப் போலப் பேசிக்காட்டுவாள், வீடே சிரிக்கும். கேரியும் அப்படித்தான் தொடங்கியிருப்பான். சில கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். மாதத்துக்கு எத்தனை நாள் கால்ஷீட்? இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள்? கலெக்டர் அனுமதிக் கடிதத்தின் நகல் தருவார்களா? டெபாசிட் எந்த வங்கியில், ரசீது யார் கையில்? பரீட்சை நாளில் என்ன செய்வார்கள்? கதையில் பெண்ணுக்கு ஆறு வயது என்றால், அவளுக்குப் பத்து வயதாகும்போது தொடர் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வதாக உத்தேசம்? ஆறு மாதத்தில் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்களா, அதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா?

அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கால்ஷீட்டுக்கும் பேமென்ட்டுக்கும் கோ-ஆர்டினேட்டர் உடனே பதில் சொன்னாராம். மற்றதை ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்தப் பதில் எழுத்தில் வரும்வரை பள்ளிக்கு லீவு லெட்டர் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.